கவிக்குயிலின் ஈர நோட்டு

புகழை நான் என்றும் நாடியதில்லை என்று நான் எழுதிய வரியின் மை காயவில்லை என்கிற விஷயம் எங்கள் வெள்ளைக்கல்பட்டிக்கு முதன்முதலில் தெரியவந்தது என் மனைவி அன்னபுஷ்பத்தின் ஜாக்கெட் முதுகிலிருந்துதான். நோட்டின் ஈரம் போகட்டும் என்று நான் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டியிருந்தேன், மை பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது, அதே பெட்டியால் அவள் ஜாக்கெட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் போய் நின்றாள், அவளுக்குப் பின்னால் நின்ற நாற்பது பேரும் பாமாயில் வண்டி வருகிறவரை வேறு வேலையில்லாமல் அதைப் படித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு அம்மாள் மட்டும் முதுகைத் தட்டி, "ஏக்கா, உங்க வீட்டுக்காரரு எழுத்து இன்னும் ஈரமா இருக்கு, சாஞ்சுக்கிடாதீங்க, செவுத்துல ஒட்டிரும்" என்று சொல்லியிருக்கிறாள்.

நான் பூவலிங்கம். கவிக்குயில் பூவலிங்கம் என்றால்தான் ஊரில் தெரியும் என்று எழுத ஆசை, ஆனால் கண்ணீர் அஞ்சலி பூவலிங்கம் என்றால்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்வின் நடத்தும் ஃப்ளெக்ஸ் கடையில் இறந்தவர்களுக்கு நாலு வரி, மணமக்களுக்கு எட்டு வரி, பெரியமனுஷியான பெண்பிள்ளைகளுக்கு ஆறு வரி என்று முப்பது வருஷமாக எழுதிக் கொடுக்கிறவன். எங்கள் ஊரில் 'வானுயர்ந்த பண்பாளர்' என்ற பட்டம் வாங்காமல் யாரும் சுடுகாடு போனதில்லை என்றால் அதற்கு நான்தான் பொறுப்பு. கவிக்குயில் என்ற பட்டத்தை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானே கொடுத்துக்கொண்டேன், ஒரு மத்தியானம், சாப்பிட்டபிறகு.

வினை தை மாதத்தில் தொடங்கியது. மாவட்ட நூலகத்தில் மூன்று நாள் எழுத்துப் பயிற்சி முகாம் என்று கேள்விப்பட்டு, பயிற்சி கொடுக்கத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துச் சால்வையோடு போய், பயிற்சி எடுக்கிறவர்களின் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து, தினமும் காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள், அழகாக எழுதவேண்டாம், யாருக்காகவும் எழுதவேண்டாம், எழுத எழுத உங்களை நீங்களே பார்ப்பீர்கள் என்றார். நான் எழுந்து, எழுதியதை எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று கேட்டேன். எந்தப் பத்திரிகைக்கும் இல்லை, யாரிடமும் காட்டாதீர்கள் என்றார். ஊர் திரும்பியதும் டீக்கடையில் இருந்த பதினோரு பேரிடமும் நான் யாரிடமும் காட்டாமல் எழுதப்போவதைச் சொன்னேன்.

மறுநாள் கோடு போடாத பெரிய நோட்டு ஒன்று வாங்கி எழுதினேன். தேதி போட்டேன். அதிகாலை நாலரைக்கு எழுந்ததாகவும், பறவைகளின் இசையில் மனம் கரைந்ததாகவும், ஏழை எளியவரை எண்ணி உள்ளம் கசிந்ததாகவும், புகழை நான் என்றும் நாடியதில்லை என்றும் எழுதினேன். இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று ஒரு வரி, அது எப்படியோ நுழைந்துவிட்டது. அதன்பிறகு கடைசியாக, என் அக்கா தவமணி ஆறு வருஷமாக என்னோடு பேசாமல் இருப்பதற்குக் காரணம் செல்வின் கடையில் நடந்த அச்சுப் பிழை என்றும் எழுதினேன். சாயங்காலம் நோட்டைத் திறந்தால் கையெல்லாம் நீலம். மறுநாளும் நீலம். பேனாவை மாற்றினேன், மையை மாற்றினேன், பால்பாயின்ட் பேனாவில் எழுதினேன், பென்சிலில்கூட எழுதிப் பார்த்தேன், பென்சில் எழுத்தும் நனைந்து வழிந்தது. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அதற்கப்புறம்தான் இஸ்திரிப் பெட்டி, ஜாக்கெட், ரேஷன் கடை எல்லாம்.

கடையிலிருந்து திரும்பிய அன்னபுஷ்பம் என்னைத் திட்டவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நோட்டை வாங்கி, சோறு வெந்துவிட்டதா என்று பருக்கையை அமுக்கிப் பார்ப்பதுபோல வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"தேதி காஞ்சிருக்கு. சட்னி போதலைன்னு எழுதினீங்களே, அதுவும் காஞ்சிருக்கு. மத்ததெல்லாம் பச்சத் தண்ணியா இருக்கு."

"மை சரியில்ல புஷ்பம்."

"மை நல்லாத்தான் இருக்கு. நாலரைக்கு எந்திரிச்சேன்னு எழுதினா எப்பிடிங்க காயும்? ஏழரைக்கு நான்தான போர்வைய உருவினேன்?"

எங்கள் ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மூலம், பூவலிங்கத்துக்கு ஈரம், அவ்வளவுதான். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் எனக்கென்று தனி பெஞ்சு ஒதுக்கி அதில் பழைய சாக்கை விரித்தார். கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளை விவரங்களை என் கையால் எழுதி வாங்கிக்கொண்டு போனார், மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் கிடையாது என்ற வரி வழிந்து, அவர் போன பஸ்ஸின் ஸீட் நனைந்து, கண்டக்டர் அவரை நடுவழியில் இறக்கிவிட்டதாகக் கேள்வி. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய வரவேற்பு மடலைத் தலைமையாசிரியர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் படித்தார், விருந்தினரின் தியாக வாழ்க்கை என்ற இடம் வந்தபோது முன்வரிசைக் குழந்தைகளின் மேல் சொட்டியது, குழந்தைகள் குதூகலமாகக் கை நீட்டின.

தொழில் போச்சு என்றுதான் நினைத்தேன். நான் எழுதிக் கொடுக்கும் 'கொடை வள்ளலே', 'குன்றின் மேல் விளக்கே' எதையும் செல்வினால் படித்து டைப் அடிக்க முடியவில்லை, கீபோர்டுக்குள் மை இறங்கியது. அப்போதுதான் பால்பண்ணைக்காரர் ஒருவர் இறந்துபோனார். அவருடைய மனைவி கடைக்கு வந்து நின்றார், நான் நாலு தாளை நனைத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்தாவது தாளில் எழுத ஒன்றும் தெரியாமல், "நீங்களே சொல்லுங்கம்மா, எப்பிடிப்பட்டவரு?" என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் நான் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. அந்த அம்மா யோசித்துவிட்டு, "கோவக்காரரு. சத்தமாச் சிரிப்பாரு. காலையில எனக்கு அவருதான் காப்பி போட்டுத் தருவாரு" என்றார். எழுதினேன். பேனாவை எடுப்பதற்குள் காய்ந்துவிட்டது.

அந்த மூன்று வரியோடு போஸ்டர் ஒட்டப்பட்டது. பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் நின்று படித்தார்கள், அவருக்குச் சொந்தமில்லாதவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். அதன்பிறகு எங்கள் ஊர்ச் சாவு போஸ்டர்களே மாறிப்போயின. 'மீன் குழம்பு நன்றாக வைப்பாள், யாரையும் மன்னிக்கமாட்டாள்.' 'கேரம் போர்டில் கள்ளாட்டம் ஆடுவார், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிட்டால் மறுக்கமாட்டார்.' உயிரோடு இருக்கிற சிலர், தங்களைப் பற்றி எது காயும், எது காயாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள என்னிடம் வந்து எழுதிப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போய், பேச்சுவார்த்தை விட்டுப்போன மாமனார் வீட்டுக்கு மாம்பழம் வாங்கிப்போனார்கள்.

எல்லோரையும் இப்படிக் காயவைத்த நான், என் நோட்டை மட்டும் காயவைக்க முடியாமல் வாளிக்குள் வைத்திருந்தேன். தினமும் ஒரு பக்கம் எழுதுவதை விடவில்லை, அது வைராக்கியம் என்று எழுதினால் நனைகிறது, டீக்கடையில் சொல்லிவிட்ட வெட்கம் என்று எழுதினால் காய்கிறது. அறுபது பக்கம் ஆகியிருந்தது. எடுத்து உலுக்கினால் அறுபது தேதிகளும், சாப்பாட்டு விவரங்களும்தான் மிஞ்சும். அதில் ஒவ்வொரு நாளும் அச்சுப் பிழையைப் பற்றிய ஒரு வரி வந்துகொண்டே இருந்தது, மற்ற வரிகள் நனைந்திருந்தால் அந்த வரி ஓடியது.

அந்த விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அக்காவின் வீட்டுக்காரர், பஞ்சர் கடை சீனியப்பன், கடையில் டயர் மாட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போய்விட்டார். ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினோம். அதில் அத்தானின் படம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மூலையில் இருந்தது. நடுவில், சால்வை போட்டு, கன்னத்தில் விரல் வைத்து, 'கண்ணீருடன் கவிக்குயில் பூவலிங்கம்' என்று என் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. பார்த்தவர்கள் செத்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டு மாலையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். அக்கா வீட்டு வாசலைத் தாண்டித்தான் என் தெருவுக்கு வரவேண்டும், தாண்டி வந்தார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் பெரிய ரோஜா மாலையோடு வந்து, பல் விளக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத் திகைத்து, கொண்டுவந்ததைத் திருப்பிக்கொண்டு போக மனமில்லாமல் என் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார். நான் அதைக் கழற்றவில்லை. அங்கே அத்தானைத் தூக்குவதற்குத் தோள் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா செல்வின் கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில் நின்று, "இப்பிடியா கவனக்குறைவா இருப்ப?" என்று செல்வினைக் கேட்டேன். செல்வின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா அவனை ஒருதரம் பார்த்தாள், என்னை ஒருதரம் பார்த்தாள். "என்னைக்கு இவன் வாயால உண்மை வருதோ அன்னைக்கு வரட்டும் என் வாசப்படிக்கு" என்றாள். அதோடு சரி.

இந்த வைகாசியில் அவள் மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். நான் கூடப்பிறந்த ஒரே தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளி ரத்தம் வரவைத்த பிள்ளை அது. மணமேடையில் என் இடத்தில் நிற்க அருப்புக்கோட்டையிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தனை அக்கா ஏற்பாடு செய்திருக்கிறாள் என்றும், பத்திரிகையும் அடித்து வந்தாயிற்று என்றும் அன்னபுஷ்பம் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலை நான் உண்மையாகவே ஏழரைக்கு எழுந்து உட்கார்ந்தேன். ஒரே விஷயத்தை மட்டும் எழுதினேன். செல்வினின் கவனக்குறைவால் என்று எழுதினேன், நனைந்தது. அவசரத்தில் நேர்ந்தது என்று எழுதினேன், நனைந்தது. அத்தான் மேலிருந்த அன்பின் மிகுதியால் என்று எழுதினேன், அது நோட்டைத் தாண்டி மேஜையைத் தாண்டிக் கட்டிலுக்கடியில் ஓடி அன்னபுஷ்பத்தின் செருப்பை நனைத்தது. ஒன்பது தாள் போனது. பத்தாவது தாளில், கை தன்பாட்டுக்கு எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னது நான்தான்.

காய்ந்தது. அவ்வளவு சீக்கிரம் காயும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், கை நிற்கவில்லை. சின்னதாக இருந்தால் அத்தானைத் தெரியாதே அண்ணே என்று செல்வின் கேட்டான். அவருக்குத் தெரியவா போகுது, செத்தாச்சு, போடு என்று நான் சொன்னேன். அதுவும் காய்ந்தது. ஊரில் என் கவிதையை முழுசாகக் கேட்ட ஒரே மனுஷன் அவர். அதுவும். சாகிறதற்கு முந்தின வாரம் என் ஸ்கூட்டருக்குக் காற்றடித்துக்கொண்டே நாற்பது வரி கேட்டார், கடைசி வரியை இன்னொருதரம் சொல்லச் சொன்னார். அதுவும். அந்தப் படத்தில் நான் நன்றாக இருந்தேன் என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் காய்ந்தது, எல்லாமே காய்ந்தது, ஒரு பக்கம் முழுக்க மொறமொறவென்று இருந்தது.

முதலில் செல்வினிடம்தான் கொண்டுபோனேன். படித்தான். நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்தான்.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேண்ணே" என்றான். "இத என்கிட்ட காட்டி என்ன செய்ய? அக்காகிட்ட கொண்டு போங்க."

போனேன். பகல் பதினோரு மணி, சித்திரை வெயில், அப்பளமும் வடகமும் காய்கிற தெரு வழியாக இரண்டு தெரு நடப்பதற்குள் நாலு இடத்தில் திரும்பிவிடலாம் என்று நின்றேன். அக்கா கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலை நரைத்திருந்தது, எனக்குத் தெரியவே தெரியாது.

"என்ன?"

ஆறு வருஷத்துக்கப்புறம் முதல் வார்த்தை. "நோட்டு" என்றேன்.

"யாருக்குக் கவிதை?"

"கவிதை இல்லக்கா."

அவளுக்கும் ஊர் விஷயம் தெரியும். எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, உள்ளங்கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியையும் படித்தாள், படித்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், எடுத்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அடுத்த வரி. சுத்தமாக இருந்தது. செத்தாச்சு என்ற வரியில் கை அப்படியே நின்றது.

"இப்பிடியா சொன்ன?"

"ஆமாக்கா."

"நீ வந்தா, கவிதைய நிம்மதியாக் கேக்கணும்னு வர்ற வண்டியத் திருப்பி விடுவாருடா."

எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் அஞ்சலிகளில் நான் எழுதும் அருவி மாதிரி இல்லை, மூக்கு ஒழுகி, விக்கி, அசிங்கமாக வந்தது. அவள் தேற்றவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். செல்வினிடம் காட்டிவிட்டுக் கிளம்பும்போது, அழகாக முடியவேண்டும் என்று அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் சேர்த்திருந்த ஒரே ஒரு வரி அங்கே இருந்தது: இனிமேல் எனக்குப் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம். அவள் அதன்மேல் கையை வைத்து எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். உள்ளங்கை முழுக்க நீலம்.

அக்கா சிரித்துவிட்டாள். முதலில் மூக்கால், அப்புறம் தோள் குலுங்க, அப்புறம் கண்ணில் தண்ணீர் வர. அடுப்படியிலிருந்து சுகன்யா ஓடிவந்து எட்டிப் பார்த்தது.

"எல்லாமே காஞ்சிருந்தா யாரோ எழுதிக் குடுத்திருக்காங்கன்னு நினைச்சிருப்பேன்" என்று சொல்லி, கையை என் வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தாள். ஐந்து விரலும் பதிந்தன.

அப்புறம் ஒரு பத்திரிகையை எடுத்து என் முன்னால் தள்ளினாள். தாய்மாமன் என்ற இடத்தில் அருப்புக்கோட்டைத் தம்பியின் பெயர் அச்சாகியிருந்தது. "அவன் பேரை அடிக்க முடியாது, பாவம் அவன் என்ன செஞ்சான்? கீழ எடம் இருக்கு. நீயே எழுதிக்கோ, உன் கையால" என்றாள்.

பேனாவை எடுத்தேன். கவிக்குயில் என்று ஆரம்பிக்கப்போன கையை நிறுத்தி, தாய்மாமன் பூவலிங்கம் என்று எழுதினேன். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காயவில்லை. அக்கா ஊதிப் பார்த்தாள், ஊதினால் காயாது என்று தெரிந்தும் ஊதினாள். நானும் ஊதினேன். ஈரம் அப்படியே மினுமினுத்தது. எனக்கு உயிரே போய்விட்டது, தாய்மாமன் என்பதே பொய்யாகிவிட்டதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் தலையைச் சாய்த்துப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா," என்றாள், "பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரைவிடப் பெரிசா இருக்கேடா உன் எழுத்து."

பார்த்தேன். இருந்தது.

அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றைத் தள்ளினாள். சின்னதாக எழுதினேன், வாழ்நாளில் நான் எழுதியதிலேயே சின்னதாக. பேனாவை எடுக்கவில்லை, அதற்குள் காய்ந்துவிட்டது. அக்கா ஓரத்தில் மஞ்சளைத் தடவி அந்தப்பக்கம் வைத்துவிட்டு அடுத்ததைத் தள்ளினாள், அதற்கடுத்ததைத் தள்ளினாள். நானூற்று முப்பது பத்திரிகை. நூறாவதில், கை வலிக்குதுக்கா என்றேன். எழுதுடா என்றாள்.

கல்யாணத்துக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன், ஊர் அதையும் ஒன்றும் கேட்கவில்லை. காயாத அந்த முதல் பத்திரிகை என்னிடம்தான் இருக்கிறது. தினமும் காலையில் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் அதில் விரல் வைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் ஒட்டியது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தேதி போட்டு, ஏழரைக்கு எழுந்தேன் என்று ஆரம்பித்தேன்.